ரைட் மட்டும் சொல்கிறார்

2009 ஆகஸ்ட் 19, புதன்

இன்று சொன்னது: ரைட் – 23 தடவை.

இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறது பவானி. சிதம்பரத்தில் இவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். "ஒரு நோட்டு போடுங்கக்கா. ஒரு நாளைக்கு என்னென்ன வார்த்தை சொல்றாருன்னு எழுதிகிட்டு வாங்க" என்றது. நான் வேலை பார்க்கிற பால்வாடியில் பழைய ரிஜிஸ்டர் ஒன்று கிடந்தது. பிள்ளைகளின் எடை எழுதுகிற கட்டம் போட்டது. அதில் எழுதுகிறேன்.

என்னென்ன வார்த்தையாம். இருக்கிறதே ஒரு வார்த்தை.

என் வீட்டுக்காரர் திருநாவுக்கரசு பத்தொன்பது வருஷம் சிதம்பரம் – காட்டுமன்னார்கோயில் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். 2007 டிசம்பரில் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தது. கூடவே பேச்சும் போச்சு. மிஞ்சியது 'ரைட்' ஒன்றுதான். சாப்டிங்களா? ரைட். வலிக்குதா? ரைட். நான் யாரு? ரைட். தலையும் அப்படித்தான், எதைக் கேட்டாலும் மேலும் கீழும் ஆடும். நாவுக்கரசு என்று பெயர் வைத்த மாமனார் இதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார், நல்லதாப் போச்சு.

'சிதம்பரம்' என்று எடுத்துக் கொடுத்தால் மட்டும் எல்லா ஸ்டாப்பும் வரிசையாக வரும். குமராட்சி, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் வரைக்கும் ஒரே மூச்சு. நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்டால் மறுபடி ரைட். அது பேச்சு இல்லையாம், பழக்கமாம், பவானி சொன்னது. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். ஜெயராணி என்கிற பேர் மட்டும் ஏன் பழகவில்லை என்று கேட்க வாய் வந்தது. அந்தப் பெண்ணிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது.

ஆகஸ்ட் 20

ரைட். எண்ணவில்லை.

ஆகஸ்ட் 27

ரைட் – 40க்கு மேல். பால்வாடிப் பிள்ளைகளால்தான்.

மகள் ரேகா பிளஸ் டூ. அவள் பள்ளிக்கூடம் போனபிறகு வீட்டில் யாரும் இல்லை. அதனால் இவரையும் பால்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன். பிள்ளைகள் அவர் பின்னால் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, "ரைட் மாமா, போலாமா?" என்று கத்துகின்றன. "ரைட்" என்கிறார். பஸ் போகிறது. ஊரில் அவர் பதிலைச் சரியாகப் புரிந்துகொள்கிறவர்கள் இந்தப் பதினாலு பேர்தான்.

செப்டம்பர் 6, ஞாயிறு

ரைட் – 12.

சடையப்பன் வந்து முகம் வழித்துவிட்டுப் போனார். அவர் கடையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஆனாலும் முதலில் இங்கேதான் வருவார். அந்த அரை மணி நேரம் எனக்கு லீவு. கொல்லையில் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துவிடுவேன். யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. கிணற்றையும் முருங்கையையும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் கஞ்சி எல்லாம் மீசையில் ஒட்டும். துடைத்து மாளாது. "எடுத்துடலாமாங்க?" என்று கேட்டேன். ரைட் என்றார். எடுக்கச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து வாரா வாரம் மழமழவென்று இருக்கிறார். அன்றைக்கு ரேகா அழுதாள். முடிதானேடி, இதுக்கா அழுவாங்க என்றேன்.

செப்டம்பர் 29

ரைட் – 19.

சூப்பர்வைசர் மேடம் இன்றைக்கும் சொன்னார்: "ஜெயராணி, நீங்க தைரியசாலி." போன வாரம் எதிர்வீட்டில் சொன்னார்கள். அதற்கு முந்தின வாரம் சர்ச் தெரு சவரியம்மாள் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

எந்தக் கடையில் விற்கிறது இந்தத் தைரியம்? நான் வாங்கினதாக எனக்கு ஞாபகமே இல்லை. காலையில் எழுந்திருக்கிறேன், ஏன் என்றால் அவருக்கு ஒண்ணுக்கு முட்டும். அடுப்பு பற்றவைக்கிறேன், ஏன் என்றால் ரேகாவுக்கு ஏழே முக்காலுக்கு பஸ். இதற்குப் பேர் தைரியமா? தைரியசாலி என்று சொல்லிவிட்டால் அவுங்க அவுங்க வீட்டுக்குப் போகலாம். அழுதுகொண்டிருந்தால் கூட உட்கார வேண்டியிருக்கும் இல்லையா.

நானும் டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

அக்டோபர் 21

இன்றைக்கு எண்ண முடியாது.

பால்வாடிக்கு ஆபீசர் வருகிற நாள். குளிப்பாட்டி வெள்ளை வேட்டி கட்டி உட்கார வைத்தேன். ஒண்ணுக்கு வருதா, வருதா என்று மூன்று தடவை கேட்டேன். ரைட் ரைட் என்றார். தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன், வரவில்லை. திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனேன். வந்து பார்த்தால் வேட்டி, நாற்காலி, தரை எல்லாம் ஈரம்.

அடித்தேன். முதுகில். ஓங்கித்தான் அடித்தேன். பால்வாடியில் பதினொரு வருஷமாக ஒரு பிள்ளையைத் தொட்டதில்லை நான்.

அவர் நிமிர்ந்து பார்த்து "ரைட்" என்றார்.

என்னய்யா ரைட்டு. என்ன ரைட்டு. அடிச்சது ரைட்டா?

அக்டோபர் 22

நேற்று எழுதியதைக் கிழிக்கலாம் என்று கை போனது. பவானியிடம் காட்ட வேண்டிய நோட்டு. கிழிக்கவில்லை. பவானிக்கு வேறு நோட்டு போட்டுக்கொள்ளலாம். இது என்னிடமே இருக்கட்டும்.

நவம்பர் 15

ரைட் – 8. மழை. குளிரில் வாய் சரியாகத் திறக்கவில்லை.

சிங்காரம் அண்ணன் வந்தார். இவர் ஓடின பஸ்ஸின் டிரைவர். இவருடைய பழைய விசிலைக் கொண்டுவந்திருந்தார், இத்தனை நாளும் டேஷ்போர்டுக்குள் கிடந்ததாம். "ஊதுடா மச்சான். ஒண்ணு ஊதுனா நிக்கிறேன், ரெண்டு ஊதுனா போறேன்" என்று வாயில் வைத்தார். உதடு மூடவில்லை. காற்று வலது பக்கம் ஓட்டை போட்டுக்கொண்டு போனது, எச்சில்தான் வழிந்தது. சிங்காரம் அண்ணன் துண்டால் துடைத்துவிட்டு வெளியே போய் நின்றார். ரொம்ப நேரம் கழித்து உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது. மழைத் தண்ணி பட்டுடுச்சி என்றார்.

2010 ஜனவரி 16

பொங்கலுக்குக் கடலூரிலிருந்து பெரிய மாமா வந்தார். சுப்பிரமணியன், இவருடைய அண்ணன். கெட்ட மனுஷர் என்று எழுதினால் என் கை அழுகிப்போகும். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருபத்திரெண்டு நாள் தரையில் படுத்து இவரைப் பார்த்தவர்.

சாப்பிட்டு முடித்ததும் விஷயத்துக்கு வந்தார். அவர் சம்சாரத்தின் தம்பி அருண்குமாருக்கு நம்ம ரேகாவைக் கேட்கிறார்கள். முறைதான். பையனுக்குக் கடலூரில் கம்பெனி வேலை. "பரிச்ச முடிஞ்சதும் தட்டு மாத்திக்கலாம்மா. நீ ஒண்டியா எத்தன நாளைக்கு இழுப்ப?" பிறகு தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டு, "நம்ம பொண்ணு நம்ம வீட்டுக்கே வந்துரட்டும். சரியாடா?" என்றார்.

"ரைட்."

பெரிய மாமாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "பாத்தியாம்மா. சொல்லிட்டான்."

"அவரு எல்லாத்துக்கும் அப்படித்தான் மாமா சொல்லுவாரு."

"இல்லம்மா. அவன் கண்ணப் பாத்தேன். மனசுலேர்ந்து வந்துச்சு."

ரேகாவுக்கு நர்சிங் ஆசை என்று எனக்குத் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்த ஆசை. தெரிந்தும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசிச்சுச் சொல்றேன் மாமா என்றுகூடச் சொல்லவில்லை. காபி போடுகிறேன் என்று எழுந்து போனேன். ஒரு சுமை குறையும் என்று உள்ளுக்குள் ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. உண்மையில் ஒரு நிமிஷம் இல்லை, இன்னும் இருக்கிறது.

ஜனவரி 17

ரேகா கேட்டாள்: "அப்பா ரைட்டுன்னாருன்னு மீசைய எடுத்த. இப்ப என்னையும் எடுத்துருவியா?"

வாய் ஜாஸ்தியாயிடுச்சி உனக்கு என்றேன்.

பிப்ரவரி 24

ரைட் – 14.

பவானி படம் போட்ட அட்டைகளை வைத்து 'இல்லை', 'வேண்டாம்' சொல்லிக் கொடுக்கிறது. ஆறு மாசமாக. 'வே' என்று அது உதட்டைக் காட்டினால் இவரும் உதட்டைக் குவிக்கிறார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். வருவது ரைட்.

ஏப்ரல் 7, புதன்

இன்றைக்கு எழுத வேண்டியது இருக்கிறது.

சிதம்பரத்துக்கு எப்போதும் ஷேர் ஆட்டோவில்தான் போவோம். இன்றைக்கு ஆட்டோ வரவில்லை. சிங்காரம் அண்ணன் பஸ் வந்தது. இரண்டு பேராகத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். நோய் வந்தபிறகு அவர் இந்த பஸ்ஸில் ஏறுவது இதுதான் முதல் தடவை. கம்பியை இடது கையால் தடவிக்கொண்டே வந்தார்.

வழியில் ஒரு ஸ்டாப்பில் கூடையோடு ஒரு அம்மா இறங்கினார்கள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். புதுக் கண்டக்டர் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர் பார்க்காமல் இரண்டு விசில் கொடுத்துவிட்டார். வண்டி நகர்ந்தது.

"ஓல்டான்!"

பஸ்ஸே அதிர்ந்தது. சிங்காரம் அண்ணன் யார் என்ன என்று பார்க்கவில்லை, பழகின குரலுக்குக் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. அந்த அம்மா தடுமாறி நின்றுகொண்டார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாரும் திரும்பி இவரைப் பார்த்தோம்.

சிங்காரம் அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "இன்னொரு தபா சொல்லுடா மச்சான்."

"ரைட்" என்றார் இவர்.

கண்டக்டர் பாஷையில் ரைட் என்றால் போகலாம், ஓல்டான் என்றால் நிறுத்து. பத்தொன்பது வருஷமும் ரைட்டும் ஓல்டானும்தான் அவர் நாக்கில் இருந்தது. நமக்கு எல்லாம் 'வேண்டாம்'. அவருக்கு ஓல்டான். இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

ஏப்ரல் 9

"ஓல்டான் சொல்லுங்க." ரைட். "சிதம்பரம்... ஓல்டான்..." ரைட். இரண்டு நாளாகத் தொண்டை வறண்டுபோச்சு. பஸ்ஸில் நான் கேட்டது கனவா?

ஏப்ரல் 18

கனவு இல்லை. குளிப்பாட்டும்போது வெந்நீரில் தண்ணீர் கலக்க மறந்து சொம்பில் மொண்டுவிட்டேன். ஆவி முகத்தில் அடித்ததும் "ஓல்டான்."

சாயங்காலம் வேண்டுமென்றே சாதத்தில் மோரைச் சாய்த்துக்கொண்டே போனேன். தட்டு நிரம்பும் நேரம் "ஓல்டான்."

இப்போது புரிகிறது. கேட்டால் வராது. கேள்விக்கு அவரிடம் ரைட் ஒன்றுதான். காரியம் நகர ஆரம்பிக்க வேண்டும், வண்டி மாதிரி. அப்போதுதான் வரும்.

மே 16

ரேகா 1041 மார்க். பள்ளிக்கூடத்தில் இரண்டாவது. நர்சிங் பாரம் வாங்கிவைத்திருக்கிறாள், என்னிடம் காட்டவில்லை, தலையணை உறைக்குள் இருந்தது.

அவரிடம் கேட்டேன். ரேகாவைக் கட்டிக் கொடுத்துடலாமா? ரைட். படிக்க வைக்கலாமா? ரைட்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலூரில், பெரிய மாமா வீட்டில் வைத்து நிச்சயம். இங்கே இடம் பத்தாது என்று அவரே எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு.

மே 22

நானே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரு போன் போதும். நம்பர் மனப்பாடம். மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டேன். தரையில் படுத்துக் கிடந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நாளைக்கு இவருக்கு ஒன்று என்றால் யார் ஓடி வருவார்கள்?

சொல்லாவிட்டால் ரேகா?

எனக்குத் தைரியம் இல்லை. யார் யாரோ வந்து வந்து சொன்னார்களே, இந்த நோட்டைப் படிக்கட்டும்.

மே 23, ஞாயிறு

கடலூர். கூடத்தில் ஜமக்காளம். இவரை நாற்காலியில் உட்கார வைத்தோம். எதிரே அருண்குமாரின் அப்பா. ரேகாவை நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டை இவர் மடியில் வைத்தார்கள். பெரிய மாமா இவர் இடது கையைத் தட்டுக்கு அடியில் கொடுத்து, தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "குடுடா தம்பி." தட்டு மடியை விட்டு எழுந்தது. எதிரே அந்தக் கைகள் நீண்டன.

"ஓல்டான்."

"என்னடா, பாரமா இருக்குதா?" பெரிய மாமா இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்து நகர்த்தினார்.

"ஓல்டான்!"

பஸ்ஸில் கேட்ட அதே குரல். தட்டு அந்தரத்திலேயே நின்றது. யாருக்கும் புரியவில்லை. எழுந்து போய்த் தட்டை வாங்கிக் கீழே வைத்தேன். ஒரு பழம் உருண்டு போச்சு.

"மாமா, நிறுத்தச் சொல்றாரு."

"ரைட்டுன்னவன் அவந்தானம்மா."

"கேட்டா தெரியாது மாமா. எதக் கேட்டாலும் ரைட்டுதான் வரும். நகத்திப் பாக்கணும். வேணான்னா அப்பதான் சொல்லுவாரு. இப்ப சொல்லிட்டாரு. ரேகா படிக்கட்டும்."

பெரிய மாமா தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அருண்குமார் வீட்டார் சாப்பிடாமல் கிளம்பினார்கள். போகும்போது அருண்குமாரின் அம்மா, "நோயாளி உளர்றத வச்சு நாடகம் போடுறா" என்றார்கள். எங்களை யாரும் வழியனுப்ப வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரேகா அப்பா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஒன்றை மட்டும் எழுதிவிட வேண்டும். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தட்டு போயிருக்கும். எனக்குத் தெரியும்.

ஜூலை 11

பெரிய மாமா போன் எடுக்கவில்லை. ஏழு வாரம். எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் ஞாயிறானால் போடுகிறேன்.

ஆகஸ்ட் 30

ரேகாவை ஹாஸ்டலில் விட்டு வந்தோம். வீடு காலி. ரைட் – 5.

நவம்பர் 14, ஞாயிறு

நாலு நாளாக மழை. கொல்லையில் முழங்கால் தண்ணீர், துவைக்கிற கல் முழுகிக் கிடக்கிறது. அதனால் சடையப்பன் வந்தபோது எனக்குப் போக இடம் இல்லை. அடுப்படியில் நின்றேன்.

உள்ளேயிருந்து கேட்டது. "ஓல்டான்." கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு கத்தி வழிக்கிற சத்தம். மறுபடி, "ஓல்டான்." மறுபடி கத்தி.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மேல் உதட்டில் பாதி நுரை. பாதி வழித்தாச்சு.

"என்ன சடையப்பா, என்ன சொல்றாரு?"

"அதுவாக்கா? எப்பவும் சொல்றதுதான். மீசகிட்ட கத்தி போனா ஓல்டான் ஓல்டாம்பாரு. கத்தி பட்டுரும்னு பயப்படுறாருன்னு கொஞ்சம் நிறுத்திட்டு அப்புறம் எடுப்பேன்."

"எப்பவும்னா? எத்தன நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்தே சொல்றாருக்கா. ரெண்டு, ரெண்டர வருசம் இருக்கும். ஏன்க்கா?"

ரெண்டரை வருஷம். வாரா வாரம். நான் கிணற்றடியில் முருங்கையைப் பார்த்துக்கொண்டு, யாரும் கூப்பிடக் கூடாது என்று உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரமும் இங்கே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆறு மாசம் பவானி சொல்லிக் கொடுத்த வார்த்தை அவரிடம் இருந்திருக்கு. நான்தான் இல்ல.

சடையப்பன் கத்தியை மடக்கிவிட்டு விழித்தார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். வெளியாள் முன்னால் அழுதது இதுதான் முதல் தடவை. சடையப்பன் பாவம், அரை மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தார். தைரியசாலி என்று அவர் சொல்லவில்லை.

நவம்பர் 15

பாதி மீசையோடு பால்வாடிக்கு வந்தார். பிள்ளைகள் சிரித்தன. அவரும் சிரித்தார்.

டிசம்பர் 12

மீசை முளைத்துவிட்டது. முக்கால்வாசி வெள்ளை. வலது பக்கம் உதடு தொங்குவதால் ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. கஞ்சி ஒட்டுகிறது. துடைக்கிறேன்.

இப்போதெல்லாம் உப்புமாவுக்கு ஓல்டான், ஸ்வெட்டருக்கு ஓல்டான், நான் பாடினால்கூட ஓல்டான். எரிச்சலாக இருக்கிறது. நேற்று சத்தம் போட்டேன். சண்டை போட ஆள் இருக்கிறது.

2011 ஜனவரி 16

ரேகா லீவில் வந்திருக்கிறாள். அப்பாவுக்கு பிபி பார்த்து என் நோட்டில் எழுதி வைக்கிறாள்.

பத்து மணிக்கு வாசலில் நிழல். பெரிய மாமா. கையில் கரும்பு. எட்டு மாசத்தில் ஆள் இளைத்துப் போயிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, உள்ளே நாற்காலியில் இருந்த தம்பியைத்தான் பார்த்தார். "மீச வச்சிட்டியாடா" என்றார்.

உள்ளே வரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மட்டும் தூக்கிப் படிக்கு இந்தப் பக்கம் வைத்தார். மற்ற காலை வெளியிலேயே வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். காத்திருந்தார்.

இன்று சொன்னது: ரைட் – 1.